எந்தச் சட்டப்படி அவர் அதிபர்?

மெக்சிகோவைப் பற்றிய செய்திகளில் ஹுவாரெஸ் என்ற பெயர் அடிக்கடி தட்டுப்படும். அமெரிக்க எல்லையை ஒட்டி சியூதாத் ஹுவாரெஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது; போதைக் கடத்தல் கும்பல்களின் சண்டையால் உலகுக்குத் தெரியவந்த ஊர். தலைநகரில் விமானம் இறங்குமிடத்தின் பெயர் பெனிட்டோ ஹுவாரெஸ் பன்னாட்டு விமான நிலையம். இத்தாலியில் 1883இல் சோஷலிஸ்ட் கொல்லர் ஒருவர் இவர் நினைவாகத்தான் தன் மகனுக்கு பெனிட்டோ என்று பெயர் வைத்தார். அந்த மகன் முசோலினி. அதற்கு ஹுவாரெஸ் என்ன செய்வார், பாவம்.

ஆடு மேய்த்த பழங்குடிச் சிறுவன் வக்கீலானான், பிறகு நாட்டின் அதிபரானான் என்று அவர் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது முக்கியமான கேள்வி ஒன்று கைநழுவிப் போகிறது. 1858 ஜனவரியில் அவர் தன்னை அதிபர் என்று அறிவித்தபோது, மக்கள் யாரும் அவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. தலைநகரம் எதிரிகளின் பிடியில் இருந்தது. பயிற்சி பெற்ற ராணுவத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம். இவரிடம் கஜானாவும் இல்லை. பிறகு எந்த உரிமையில் அப்படிச் சொன்னார்? அதைப் பாதி நாடு ஏன் ஏற்றுக்கொண்டது? விடை அரசியல் சாசனத்தின் 79ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய பெருமையும் விளங்கும். அவர்மீது இன்றைக்கும் சொல்லப்படும் குற்றச்சாட்டும் விளங்கும்.

முதலில் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்த்துவிடலாம். தெற்கு மெக்சிகோவில் வஹாகா மாநிலத்து மலைகளில் கெலதாவ் என்ற சிற்றூரில் 1806 மார்ச் 21 அன்று பிறந்தார். சபோடெக் இனம். ஊரில் இருபது குடும்பங்கள் இருந்தாலே பெரிது என்று அவரே பின்னாளில் பிள்ளைகளுக்காக எழுதிய குறிப்புகளில் சொல்கிறார். மூன்று வயதில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். தாத்தா பாட்டியும் போன பிறகு தந்தையின் உடன்பிறந்தவர் வளர்த்தார். ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஸ்பானிய மொழி பேச ஆளும் கிடையாது. வளர்த்தவருக்கு எழுத்து கொஞ்சம் தெரியும். பாடம் சொல்லிக்கொடுங்கள், ஒப்பிக்காவிட்டால் அடியுங்கள் என்று பையனே சாட்டையை எடுத்துக்கொண்டுபோய் நிற்பானாம். அந்த வட்டாரத்தில் ஏழைகள் பிள்ளைகளைப் படிக்கவைக்க ஒரு வழி வைத்திருந்தார்கள்: நகரத்து வீடுகளில் வேலைக்கு விடுவார்கள், கூலிக்குப் பதிலாக எழுதப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். 1818 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், யாரிடமும் சொல்லாமல் அறுபது கிலோமீட்டர் நடந்து அவர் வஹாகா நகருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதற்காகத்தான். அக்கா ஹொசேஃபா அங்கே மாஸா என்ற வணிகர் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். இருபத்தைந்து வருடம் கழித்து அதே வீட்டுப் பெண் மார்கரீட்டாவை அவர் மணந்துகொண்டார்.

சலானுவேவா என்ற பக்திமான், புத்தகக் கட்டுநர், பையனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். பாதிரியாராக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏழைப் பழங்குடிப் பையன் மேலே வருவதற்கு அன்று இருந்த ஒரே ஏணி அதுதான். ஹுவாரெஸுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வஹாகாவில் அறிவியல், கலைகளுக்கென்று அரசு புதிதாக ஒரு கல்லூரி திறந்ததும் குருமடத்தை விட்டு 1828இல் அங்கே சேர்ந்தார். அந்தக் கல்லூரியை மதவாதிகள் விபசார விடுதி என்று ஏசினார்கள். சட்டம் அங்கே பாடமாக இருந்ததுதான் அவருக்கு வேண்டியிருந்தது. 1834இல் வழக்குரைஞர் பட்டம் கையில் வந்தது. அதற்கு முன்பே நகரசபையிலும் மாநிலச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கோட்டும் அரசியலும் அவருக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தவை.

வக்கீலாக அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கைத் தெரிந்துகொண்டால் போதும். லொக்சிச்சா என்ற ஊர்க்காரர்கள் அதே 1834இல் அவரிடம் வந்தார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று எதற்கெடுத்தாலும் பங்குக் குரு வரம்பு மீறிக் கட்டணம் பிடுங்குகிறார் என்பது புகார். குருமீது யார் வழக்குப் போடுவது, எங்கே போடுவது? பாதிரிமாருக்குத் தனி நீதிமன்றம். அதில் நீதிபதியும் பாதிரியார். ஹுவாரெஸ் அங்கேயே போய் வாதாடினார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்ததால் வழக்கு கொஞ்சம் நகர்ந்தது. அதற்குள் மத்தியில் ஆட்சி மாறியது. குரு ஊருக்குத் திரும்பிவந்து, புகார் கொடுத்தவர்களையே சிறையில் தள்ளச் செய்தார். அவர்களைப் பார்க்கப் போன வக்கீலுக்கும் அதே கதி: ஜனங்களைத் தூண்டிவிட்டார் என்று குற்றச்சாட்டு, ஒன்பது நாள் சிறை. தனிச்சலுகை பெற்ற வகுப்புகளின் அதிகாரத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்ற உறுதி தனக்கு அங்கேதான் பிறந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்.

இந்தத் தனிச்சலுகையைச் சற்று விளக்கியாக வேண்டும். ஸ்பானியர் காலத்திலிருந்தே திருச்சபைக்கும் ராணுவத்துக்கும் சொந்த நீதிமன்றங்கள் உண்டு. ஒரு ராணுவ அதிகாரி கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராவிட்டால், கடன் கொடுத்த வியாபாரி ராணுவ நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 1821இல் விடுதலை கிடைத்த பிறகும் இது மாறவில்லை. சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்று ஏட்டில் இருந்தது. எந்தச் சட்டம், யாருடைய நீதிமன்றம் என்பது ஆளைப் பொறுத்தது. 1855 நவம்பர் 23 அன்று நீதி அமைச்சராக அவர் கொண்டுவந்த சட்டம் — அவர் பெயராலேயே ஹுவாரெஸ் சட்டம் என்று அறியப்படுவது — இந்த இரண்டு வகை நீதிமன்றங்களும் சிவில் வழக்குகளைத் தொடக் கூடாது என்றது. அவ்வளவுதான். பாதிரிமார், ராணுவத்தாரின் குற்ற வழக்குகளை முழுதாக அது பறிக்கவில்லை. இன்றைக்குப் படித்தால் இவ்வளவு மிதமான சட்டத்துக்கா இத்தனை ரத்தம் என்று தோன்றும். ஆனால் தொடப்பட்டது நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் ஆணிவேர்.

1834க்கும் 1855க்கும் நடுவில் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1847 முதல் 1852 வரை வஹாகாவின் ஆளுநராக இருந்தார். சாலை போட்டார், பள்ளிகள் திறந்தார், கணக்கை ஒழுங்காக வைத்தார். அமெரிக்காவிடம் பாதி நாட்டைத் தோற்றுவிட்டு ஓடிவந்த தளபதி சாந்தா அன்னாவை வஹாகாவுக்குள் விடமாட்டேன் என்றார். சாந்தா அன்னா அதை மறக்கவே இல்லை. வாலிபனாக இருந்தபோது வெறுங்காலோடு தனக்கு உணவு பரிமாறிய ஆள் இவன், அந்த அவமானம்தான் காரணம் என்று தன் நினைவுக் குறிப்புகளில் பொரிந்து தள்ளியிருக்கிறார். 1853இல் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் ஹுவாரெஸை நாடு கடத்தினார். முன்னாள் ஆளுநர் நியூ ஆர்லியன்ஸில் சுருட்டு சுற்றி வயிறு வளர்த்தார். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அதே ஆளுநர் காலத்தில் ஹுச்சித்தான் என்ற சபோடெக் ஊர், உப்பளங்களும் நிலங்களும் தங்களுடையவை என்று கலகம் செய்தபோது, அவர் படை அனுப்பினார். 1850இல் ஊரில் ஒரு பகுதி எரிந்துபோனது. பழங்குடியினரின் தலைவர் என்று அவரை நினைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அவர் பழங்குடியில் பிறந்த தாராளவாதி; பழங்குடிக் கூட்டுரிமை என்பது அவருடைய சட்டக் கண்ணுக்குப் பாதிரியாரின் தனிச்சலுகையைப் போலவே தெரிந்தது. தனிமனிதன், தனிச்சொத்து, ஒரே சட்டம். 1856இல் அவருடைய சகா மிகெல் லெர்தோ கொண்டுவந்த சட்டம் திருச்சபையின் நிலத்தோடு கிராமங்களின் பொதுநிலத்தையும் விற்பனைக்கு இழுத்துவிட்டது. அந்த நிலங்களில் நிறையவே கடைசியில் பண்ணையார்களிடம் போய்ச் சேர்ந்தன. சமத்துவம் என்று கிளம்பியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி 79ஆம் பிரிவு. 1857 பிப்ரவரி 5 அன்று புதிய அரசியல் சாசனம் நிறைவேறியது. அதில் துணை அதிபர் என்ற பதவியே இல்லை. துணை அதிபர்கள் அதிபரைக் கவிழ்க்கச் சதி செய்வதே முந்தைய அனுபவமாக இருந்ததால் அந்தப் பதவி வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். பதிலுக்கு, அதிபர் இல்லாமல்போனால் புதியவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை உச்ச நீதிமன்றத் தலைவர் பொறுப்பேற்பார் என்றது 79ஆம் பிரிவு. நமக்கு இது முற்றிலும் அந்நியமான ஏற்பாடு அல்ல, 1969இல் வி.வி. கிரி பதவி விலகியபோது தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா சில வாரங்கள் குடியரசுத் தலைவராகச் செயல்பட்டார். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். மெக்சிகோவின் அந்தச் சாசனத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனம் பெறுவதில்லை. ஆறு வருடத்துக்கு ஒருமுறை மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சட்டப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. ஆகவே உச்ச நீதிமன்றத் தலைவர் என்றால் நீதிமான் என்பதைவிட வாரிசு அதிபர் என்றே அரசியல்வாதிகள் புரிந்துகொண்டார்கள். 1857 தேர்தலில் கொமொன்ஃபோர்ட் அதிபரானார்; ஹுவாரெஸ் நீதிமன்றத் தலைவரானார்.

டிசம்பர் 17 அன்று சுலோவாகா என்ற தளபதி, சாசனம் செல்லாது என்று கிளம்பினார். அதிபர் கொமொன்ஃபோர்ட்டே இரண்டு நாளில் அவரோடு சேர்ந்துகொண்டார். ஹுவாரெஸ் தேசிய மாளிகையில் அடைக்கப்பட்டார். மூன்று வாரம் கழித்துத் தளபதி அதிபரையும் கைகழுவ, போகிற போக்கில் கொமொன்ஃபோர்ட் செய்த ஒரே உருப்படியான காரியம் ஹுவாரெஸைத் திறந்துவிட்டது. தன் பதவியைத் தானே உதைத்துத் தள்ளிய அதிபர் சாசனத்தின் பார்வையில் இல்லாமல்போன அதிபர்தான். ஆகவே 79ஆம் பிரிவு உயிர்பெற்றது. 1858 ஜனவரி 19 அன்று குவானஹுவாட்டோ நகரில் ஹுவாரெஸ் பொறுப்பேற்றதாக அறிவித்தார். ஹுவாரெஸ் என்றொரு இந்தியர் ஊருக்கு வந்திருக்கிறார், தான்தான் அதிபர் என்கிறார் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை வரலாற்றாசிரியர்கள் விரும்பிக் காட்டுவார்கள். எழுதியவர் நகைத்தாரா, வியந்தாரா என்று அந்த வரியில் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த மூன்று வருடம் உள்நாட்டுப் போர். மார்ச்சில் குவாதலஹாரா அரண்மனையில் கலகக்காரச் சிப்பாய்கள் அவருக்கு நேராகத் துப்பாக்கியை உயர்த்தியபோது, கவிஞரும் நிதியமைச்சருமான கியெர்மோ பிரியெட்டோ குறுக்கே பாய்ந்து, வீரர்கள் கொலை செய்வதில்லை என்று கத்தி அவர் உயிரைக் காப்பாற்றினார். பிரியெட்டோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார். பிறகு பசிபிக் கரையில் கப்பலேறி, பனாமாவைக் கடந்து, ஹவானா, நியூ ஆர்லியன்ஸ் வழியாகச் சுற்றி மே மாதம் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வந்தது இந்த அரசு. ஏன் அந்த ஊர்? நாட்டின் பெரிய சுங்கச்சாவடி அங்கே இருந்தது. அன்றைய மெக்சிகோவில் அரசுக்கு வருமானம் என்றால் சுங்கவரிதான். தலைநகரை வைத்திருந்தவர்களிடம் மாளிகை இருந்தது. வெராக்ரூஸை வைத்திருந்தவரிடம் வரவு இருந்தது.

அங்கிருந்துதான் 1859 ஜூலையில் சீர்திருத்தச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திருச்சபைச் சொத்து நாட்டுடைமை, அரசுப் பதிவாளர் முன் திருமணம், பிறப்பு இறப்புப் பதிவேடு, இடுகாடுகள் அரசு நிர்வாகத்தில். அடுத்த ஆண்டு இறுதியில் வழிபாட்டுச் சுதந்திரம். பட்டியலாகப் பார்த்தால் நிர்வாக விஷயம்போல இருக்கும். லொக்சிச்சா ஊர்க்காரர்களின் புகாரோடு வைத்துப் பாருங்கள்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். குரு கட்டணம் வாங்கிய மூன்று இடங்களிலும் இனி அரசு எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இதே வெராக்ரூஸில் ஒரு கறையும் உண்டு. பணமுடையிலும் அங்கீகாரத் தேவையிலும், நாற்பது லட்சம் டாலருக்கு தெவாந்தெபெக் பூசந்தியில் அமெரிக்காவுக்கு என்றென்றைக்குமான கடவுரிமை தரும் ஒப்பந்தத்தில் 1859 டிசம்பரில் அவருடைய அமைச்சர் ஒகாம்போ கையெழுத்திட்டார். அமெரிக்க செனட் அதை நிராகரித்ததால் தப்பித்தார்கள். அவருடைய அபிமானிகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

1860 டிசம்பர் 22 அன்று கல்புலால்பன் போரில் அவருடைய தரப்பு வென்றது. வென்று கொடுத்த தளபதி ஹெசுஸ் கொன்சாலஸ் ஒர்தேகா. ஹுவாரெஸ் தலைநகருக்குத் திரும்பி, 1861இல் முறையான தேர்தலில் வென்று, முதல்முறையாக மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரானார். ஒர்தேகா உச்ச நீதிமன்றத் தலைவரானார். அவர் வக்கீல் அல்ல, படைத்தலைவர். மேலே சொன்ன விஷயம் இப்போது தெளிவாகும்.

கஜானா காலி. ஜூலையில் அந்நியக் கடன்களுக்கான தவணையை இரண்டு வருடம் நிறுத்திவைத்தார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கடனை வசூலிக்கக் கப்பல் அனுப்பின. முதல் இரண்டும் பேசித் திரும்பிவிட, மூன்றாம் நெப்போலியனின் நோக்கம் கடனைத் தாண்டி, மெக்சிகோவில் தன் ஆள் ஒருவரை அரசனாக உட்காரவைப்பது என்று தெரிந்தது. 1862 மே 5 அன்று பியூப்லா நகரில் பிரெஞ்சுப் படை தோற்றது. அமெரிக்காவில் கொண்டாடப்படும் மே 5 விழா இதன் நினைவுதான். பலர் நினைப்பதுபோல மெக்சிகோவின் சுதந்திர தினம் அல்ல, அது செப்டம்பரில். அந்த வெற்றி ஒரு வருடம் அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த மே மாதம் பியூப்லா விழுந்தது. மே 31 அன்று ஹுவாரெஸ் தலைநகரை விட்டுக் கிளம்பினார். 1864இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன் பேரரசராக வந்து இறங்கினார்.

ஒரு கறுப்புக் குதிரைவண்டியில் நாலு வருடம் ஓடியது அரசாங்கம். சான் லூயி பொதோசி, சால்தியோ, மோன்தெர்ரே, சிவாவா, கடைசியில் எல்லையோரப் பாசோ தெல் நோர்த்தே. அதுதான் இன்றைய சியூதாத் ஹுவாரெஸ். மனைவி மக்கள் நியூயார்க்கில். அங்கே இரண்டு மகன்கள் இறந்துபோன செய்தி பாலைவனத்தில் அவருக்குக் கிடைத்தது. ஓடுகிறவர்கள் வழக்கமாகப் பணத்தையும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவர் கூடவே நாட்டின் ஆவணக் காப்பகத்தையும் பதினொரு மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். 1864இல் இனி இழுத்துக்கொண்டு போக முடியாது என்ற நிலையில், கோவாவிலா மாநிலத்தில் விவசாயிகளிடம் அதை ஒப்படைத்தார். அவர்கள் ஒரு குகையில் ஒளித்துவைத்தார்கள். பிரெஞ்சுத் தரப்பினர் பிடித்துச் சித்திரவதை செய்தும், சிலர் உயிரே போயும், இடத்தைச் சொல்லவில்லை. பத்திரம் இருக்கிறவனுக்கே பாத்தியதை என்பது வக்கீல் புத்தி. ஆனால் அந்தத் தாள்களுக்காகச் செத்தவர்களுக்கு அவற்றில் ஒரு வரி படிக்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

சட்டத்தின் பலத்தால் மட்டுமே அவர் ஜெயித்தார் என்று சொன்னால் அது பொய். கெரில்லாக்கள் சண்டையிட்டார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும் வாஷிங்டன் பிரான்ஸை நெருக்கியது, ஆயுதங்களும் எல்லை தாண்டி வந்தன. ஐரோப்பாவில் பிரஷ்யா வளர்வதைப் பார்த்து நெப்போலியனும் படையைத் திரும்பப் பெற்றார். ஆனாலும், வாஷிங்டன் கடைசிவரை மாக்ஸிமிலியனை அங்கீகரிக்காமல், வண்டியில் திரியும் இந்த மனிதரோடு மட்டுமே தூதரக உறவு வைத்திருந்தது என்றால், நீட்டிக்காட்ட அவரிடம் ஒரு சாசனமும் ஒரு தேர்தலும் தேதி போட்ட ஆணைகளும் இருந்தன. எதிரியிடம் இருந்தது அந்நியப் படையும், அதன் நிழலில் எடுத்த வாக்கெடுப்பும்.

அப்படியானால் 1865 நவம்பரில் நடந்ததை என்னவென்று சொல்வது?

அதிபரின் பதவிக்காலம் நான்கு வருடம். போருக்கு நடுவே தேர்தல் நடத்த வழியில்லை. இந்த நிலைமைக்கும் சாசனம் வழி சொல்லியிருந்தது. 82ஆம் பிரிவு: எந்தக் காரணத்தாலாவது தேர்தல் நடக்காமல் காலம் முடிந்தால், பழைய அதிபர் விலக வேண்டும், உச்ச நீதிமன்றத் தலைவர் பொறுப்பேற்பார். எந்தக் காரணத்தாலாவது என்பதில் போரும் அடக்கம் என்றுதான் சாதாரணமாகப் படிப்பவர் யாரும் சொல்வார்கள். நீதிமன்றத் தலைவர் கொன்சாலஸ் ஒர்தேகா ஒரு வருடம் முன்பே, 1864இல், காலம் முடிகிறதா என்று எழுத்தில் கேட்டிருந்தார். இல்லை, 1865 நவம்பர் 30இல்தான் முடியும் என்று ஹுவாரெஸின் அமைச்சர் செபாஸ்தியன் லெர்தோ — மேலே சொன்ன மிகெலின் தம்பி — எழுத்தில் பதில் கொடுத்தார். ஒர்தேகா ஏற்றுக்கொண்டார். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நவம்பர் 8 அன்று, ஹுவாரெஸ் இரண்டு ஆணைகள் பிறப்பித்தார். ஒன்று, தேர்தல் நடத்த முடிகிறவரை தன் பதவிக்காலம் நீள்கிறது. இரண்டாவது, கடமையை விட்டுவிட்டு வெளிநாட்டில் தங்கியதற்காக ஒர்தேகாமீது வழக்கு.

அவர் தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் முழு அதிகாரத்தையும் நாடாளுமன்றம் அவருக்கு 1863இல் கொடுத்துவிட்டுத்தான் கலைந்தது. ஒர்தேகா அமெரிக்காவைக் கடந்து வேறு வழியாக நாட்டுக்குள் வந்து போரிட அனுமதி வாங்கிப் போனவர்; போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எதிரி வாசலில் நிற்கும்போது குதிரையை மாற்றினால் படையே பிளந்துபோகும். மூன்றும் வலுவான வாதங்கள்தான். ஆனால் மூன்றும் நிலைமை சார்ந்த வாதங்கள். 1858இல் அவர் கையில் இருந்தது பிரிவு சார்ந்த வாதம். அன்று கொமொன்ஃபோர்ட்டுக்குப் பிறகு நான் என்று எந்த நூலைப் பிடித்து ஏறினாரோ, அதே நூலைப் பிடித்து இன்னொருவர் ஏற வந்தபோது அறுத்துவிட்டார். குவாதலஹாராவில் அவருக்குக் குறுக்கே நின்ற பிரியெட்டோ இந்த விஷயத்தில்தான் அவரைவிட்டுப் பிரிந்தார். ஒர்தேகா 1866இல் எல்லையில் அமெரிக்கப் படையால் தடுத்து வைக்கப்பட்டார். விடுபட்டு நாட்டுக்குள் வந்ததும் ஹுவாரெஸின் ஆட்கள் பிடித்து 1868வரை அடைத்துவைத்தார்கள். நாட்டுக்கு நல்லது என்று அவர் நினைத்ததைச் செய்தார், சட்டம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை என்று ஏற்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒன்றை மறைக்க மற்றொன்றைச் சொல்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மாக்ஸிமிலியனின் முடிவிலும் இதே இழுபறி. 1867 மே 15 அன்று கெரெட்டாரோ நகரம் வீழ்ந்து அவர் பிடிபட்டார். நாடக அரங்கின் மேடையில் ராணுவ விசாரணை நடந்தது. உடல்நலமில்லை என்று அவர் வரவில்லை. கூட இருந்த தளபதிகள் மிராமோனும் மெஹியாவும் மேடையேற்றப்பட்டார்கள். மெஹியாவும் பழங்குடிதான், ஒட்டோமி இனம். எல்லாப் பழங்குடிகளும் ஹுவாரெஸ் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1862 ஜனவரியில் ஹுவாரெஸ் பிறப்பித்த சட்டத்தின்படி விசாரணை; அதன்படி தண்டனை மரணம். அரசியல் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது என்று உங்கள் சாசனத்தின் 23ஆம் பிரிவே சொல்கிறதே என்று வாதாடினார்கள் எதிர்த்தரப்பு வக்கீல்கள். அவர்களில் இருவர் சான் லூயி பொதோசியில் ஹுவாரெஸையே நேரில் பார்த்து மன்றாடினார்கள். விக்டர் ஹ்யூகோ, கரிபால்டி போன்றவர்களும் உயிர்ப்பிச்சை கேட்டார்கள். ஆயுதம் ஏந்திப் பிடிபட்ட குடியரசுக்காரர்களை 24 மணி நேரத்தில் சுட்டுவிட மாக்ஸிமிலியன் 1865 அக்டோபரில் போட்ட ஆணையும், அதன்படி செத்த தளபதிகளும் மறுதட்டில் இருந்தார்கள். தீர்ப்பை மூன்று நாள் தள்ளிவைக்க மட்டும் ஹுவாரெஸ் சம்மதித்தார். ஜூன் 19 காலை மூவரும் சுடப்பட்டார்கள். ஜூலை 15 அன்று தலைநகருக்குத் திரும்பியவர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வாக்கியம் இன்றும் மெக்சிகோ பள்ளிச் சுவர்களில் இருக்கிறது: மனிதர்களுக்கிடையே ஆனாலும் நாடுகளுக்கிடையே ஆனாலும், பிறர் உரிமையை மதிப்பதே அமைதி.

பிறகு வந்த ஐந்து வருடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாசனத்தைத் திருத்த அதில் சொன்ன வழியை விட்டு நேரடி வாக்கெடுப்பு வைக்கப் பார்த்தார். சொந்தக் கட்சியே எதிர்த்தது. 1867இல் தேர்தலில் வென்றார். 1871இல் அவர், செபாஸ்தியன் லெர்தோ, பழைய சீடரும் தளபதியுமான போர்ஃபிரியோ தியாஸ் என்று மும்முனைப் போட்டி. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நாடாளுமன்றம் இவரைத் தேர்ந்தெடுத்தது. மறுதேர்தல் கூடாது என்று முழங்கி தியாஸ் கலகம் செய்து தோற்றார். பின்னாளில் அதே தியாஸ் எட்டு முறை தேர்தலில் வென்றார் என்பது தனிக்கதை.

1872 ஜூலை 18 அன்று தேசிய மாளிகையில் அவருக்கு மார்வலி வந்தது. அன்றைய வைத்தியப்படி மருத்துவர் நெஞ்சில் கொதிக்கும் நீரை ஊற்றினார். வெந்த மார்போடு அமைச்சர் ஒருவரையும் தளபதி ஒருவரையும் சந்தித்து வேலை பார்த்தார் என்கிறார்கள். இரவு இறந்துபோனார்.

மறுநாள் அதிபரானவர் அப்போது உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்த செபாஸ்தியன் லெர்தோ. 79ஆம் பிரிவின்படி, ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல். அந்தப் பிரிவு தன் வேலையைச் சரியாகச் செய்தது அந்த ஒருமுறைதான். 1876இல் லெர்தோவின் மறுதேர்தல் மோசடி என்று சொல்லி, அடுத்த நீதிமன்றத் தலைவர் ஹொசே மரியா இக்லேசியாஸ் சாசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹுவாரெஸ் நின்ற அதே குவானஹுவாட்டோவில் போய் நின்று தன்னை இடைக்கால அதிபர் என்று அறிவித்தார். சட்டக் கணக்கில் அவர் சொன்னது பொருட்படுத்தத் தக்க வாதம். ஆனால் வெராக்ரூஸ் போன்ற துறைமுகம் அவரிடம் இல்லை. படையோடு வந்த தியாஸ் லெர்தோவையும் இக்லேசியாஸையும் சேர்த்து விரட்டினார். 1882இல் சாசனம் திருத்தப்பட்டது. வாரிசுரிமை உச்ச நீதிமன்றத் தலைவரிடமிருந்து செனட் தலைவருக்கு மாறியது.